நெல்லை வானொலியில் நெல்லைச் செய்தி எங்கே? 2024 கோடையை முன்வைத்து ஒரு விளக்கம்

2024 மே 17 பிற்பகல். பழைய குற்றாலத்தில், அருவிக்கு மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் காட்டாறாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடிய காட்சி அன்று மாலைக்குள் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. பள்ளி மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார்.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் வானொலி கேட்கிறவர்களிடம் ஒரு கேள்வி எழும். பாளையங்கோட்டையிலேயே ஒரு வானொலி நிலையம் 1963-லிருந்து இருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை பாட்டு, உரை, உழவர் நிகழ்ச்சி எல்லாம் வருகிறது. செய்தியும் நாளுக்குப் பல முறை வருகிறது. ஆனால் அந்தச் செய்தியில் நம்ம ஊர் ஏன் அபூர்வமாகத்தான் வருகிறது?

சோம்பேறித்தனம், அலட்சியம், அரசியல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதற்காரணம் இவை எதுவும் இல்லை. திருநெல்வேலி நிலையத்தில் கேட்கும் செய்தி திருநெல்வேலியில் தயாராவதில்லை. பொது வானொலியின் கட்டமைப்பே அப்படி. அதைப் புரிந்துகொண்டால்தான் எதை யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும்.

மூன்று தனித்தனி விஷயங்கள்

"ரேடியோ ஸ்டேஷன்" என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் மூன்று.

1. நிலையம். நிகழ்ச்சி தயாரிக்கும் இடம். ஒலிப்பதிவுக் கூடம், அறிவிப்பாளர்கள், இசை, நாடகம், பேட்டி, வேளாண் ஒலிபரப்பு ஆகியவை இதற்குள் அடங்கும்.

2. ஒலிபரப்பி. அந்த ஒலியை அலையாக்கி வீடுகளுக்கு அனுப்பும் இயந்திரமும் கோபுரமும். திருநெல்வேலி என்றால் நேயர்களுக்கு நினைவு வரும் எண் 1197 கிலோஹெர்ட்ஸ். 20 கிலோவாட் சக்தி கொண்ட மத்திய அலை ஒலிபரப்பி அது. பெட்டியில் மீடியம் வேவ் என்று எழுதியிருக்குமே, அந்த அலைதான்.

3. பிராந்தியச் செய்திப் பிரிவு. செய்தி ஆசிரியர்களும் செய்தி வாசிப்பாளர்களும் இருக்கும் இடம். ஆகாசவாணிக்கு நாடு முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்ட இத்தகைய பிரிவுகள் உண்டு. தமிழ்நாட்டுக்குச் சென்னையும் திருச்சியும். புதுச்சேரிக்குத் தனி.

முதல் இரண்டும் நெல்லையில் உண்டு. மூன்றாவது இல்லை. எனவே செய்தி நேரம் வந்ததும் நிலையம் தன் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சென்னை அல்லது திருச்சியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே வெளியிடுகிறது. வானொலிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'அஞ்சல்'. "டெல்லி அஞ்சல்" என்று நம் தாத்தா பாட்டி சொன்னார்களே, அதே அஞ்சல்தான். "ஆகாஷ்வாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசாமி" என்ற குரல் டெல்லியிலிருந்து கிளம்பி நம் திண்ணைக்கு வந்தது இந்த வழியில்தான். அவர் 2022 ஆகஸ்டில் மறைந்தபோது அவரை நேரில் பார்த்தேயிராத கிராமத்துக்காரர்கள்கூட வருந்தினார்கள். அஞ்சலின் பலம் அது. ஒரே குரல், ஒரே செய்தி, நாடு முழுக்க. அதன் குறையும் அந்த ஒருமையில்தான் இருக்கிறது.

மாவட்டத்தில் நடப்பது செய்திப் பிரிவுக்கு எப்படிப் போகிறது? மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில் பகுதிநேரச் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிலையத்தின் முழுநேர ஊழியர்கள் அல்லர். கிடைத்த தகவலைத் தொலைபேசியிலோ எழுத்திலோ சென்னைக்கோ திருச்சிக்கோ அனுப்புவார்கள். அதோடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் குறிப்புகளும் போகும். அங்கே ஆசிரியர் தேர்ந்தெடுத்து, சுருக்கி, வாசிக்கக் கொடுப்பார். நெல்லை மாவட்டத்துப் பாவநாசத்தில் நடந்தது, சென்னை என்றால், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய், அங்கிருந்து திரும்பிவந்து, பாளையங்கோட்டைக் கோபுரத்தின் வழியாகப் பாவநாசத்துக்கே வந்து சேர்கிறது.

பழைய காலத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தியது. திருச்சி நிலையம் 1939-லேயே வந்துவிட்டது. டெலிபிரிண்டர் வழியாக வரும் செய்தி நிறுவனத் தகவல், தலைமைச் செயலகம், மொழிபெயர்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாம் பெருநகரங்களில் குவிந்திருந்தன. பின்னால் வந்த நிலையங்களுக்கு அந்தச் செலவைச் செய்ய யாரும் நினைக்கவில்லை. இன்று ஒரு கைபேசியே செய்தியறையின் பாதி வேலையைச் செய்கிறது. கட்டமைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

பத்து நிமிடக் கணக்கு

ஒரு மாநிலச் செய்தி அறிக்கை பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பிசை, தொடக்கத்தில் தலைப்புச் செய்திகள், முடிவில் மீண்டும் தலைப்புச் செய்திகள் என்று ஒன்றரை நிமிடம் போய்விடும். மிச்சம் எட்டரை நிமிடம். ஒரு செய்திக்கு முப்பத்தைந்து விநாடி என்றால் பதினான்கு, பதினைந்து செய்திகள்தான் கொள்ளும். அதில் மத்திய அரசு, மாநில அரசு, நீதிமன்றம், வானிலை, விளையாட்டு எல்லாம் முதலில் இடம் பிடிக்கும். எஞ்சிய நாலைந்து இடங்களுக்கு 38 மாவட்டங்கள்.

பழைய திருநெல்வேலிச் சீமை இன்று மூன்று மாவட்டம். 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. மூன்றையும் சேர்த்தாலும் 38-ல் 3. ஒரு நாளில் நமக்கு ஒரு செய்தி கிடைத்தால் அதுவே அதிகம். ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இடத்துக்குப் போட்டி என்று வந்துவிட்டால் எதை முதலில் வெட்டுவார்கள்? மாநிலம் முழுக்கக் கேட்பவருக்குப் பயன்படாததை. ஒரு கால்வாயில் தண்ணீர் எட்டிய செய்தி திருவள்ளூர்க்காரருக்கு எதற்கு? அவர்கள் கணக்குப்படி அது சரியான வெட்டு. நாங்குநேரிக்காரருக்கு அதுதான் அன்றைக்குச் செய்தி.

நெறிமுறையின் நிழல்

ஆகாசவாணிக்கு ஒன்பது அம்ச ஒலிபரப்பு நெறிமுறை உண்டு. நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களையும் சமூகங்களையும் தாக்குவது, ஆபாசமும் அவதூறும், வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு, குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், நீதித்துறை ஆகியோரின் நேர்மைக்குக் களங்கம், அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது, மத்திய அரசையோ மாநில அரசுகளையோ பகைமையோடு விமர்சிப்பது, அரசியல் சட்டத்தை அவமதிப்பது ஆகியவை கூடாது.

இதில் பெரும்பாலானவை எந்த நல்ல ஊடகமும் தானாகவே வைத்துக்கொள்ளும் வரம்புகள். மதத்தையும் சாதியையும் வைத்துத் தீ மூட்டும் பேச்சுக்கு நம் பகுதியில் விலை என்ன என்று நமக்குத் தெரியும். அந்த அம்சத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அரசு விமர்சனம் பற்றிய அம்சம் செய்தி எழுதுபவரின் கையைக் கொஞ்சம் நடுங்க வைக்கிறது. பகைமையான விமர்சனம் எது, நியாயமான குறை எது என்று கோடு போட்டுக் காட்டுபவர் யாருமில்லை. அதனால் ஓர் ஊரில் குடிநீர் வரவில்லை என்ற நிலவரத்தைவிட, குடிநீர் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்ற ஆட்சியரின் அறிவிப்பு பாதுகாப்பான செய்தியாகிறது.

1990-ல் நாடாளுமன்றம் இயற்றி 1997-ல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. பொது நலனைச் சார்ந்த எல்லாவற்றையும் சுதந்திரமாகவும் உண்மையாகவும் நடுநிலையாகவும் அறிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காப்பது ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி அமைப்பின் கடமை என்கிறது. வேளாண்மை, ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தரச் சொல்கிறது. உள்ளூர்ச் செய்தி கேட்பவர்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கோடையில் என்னவெல்லாம் நடந்தது

கட்டமைப்பின் குறை மற்ற மாதங்களில் அவ்வளவாகத் தெரியாது. கோடையில் தெரியும். அப்போதைய செய்திகளின் பயன், சில மணி நேரத்திலும் சில கிலோமீட்டரிலும் முடிந்துவிடும். 2024 மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களை எடுத்துப் பார்ப்போம்.

*1. அணையின் எண்*

"ஏல, பாவநாசத்துல எத்தன அடி கெடக்கு?" கோடையில் தாமிரபரணிக் கரையில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கும் கேள்வி இது. பாவநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாவநாசமும் சேர்வலாறும் சுரங்கப்பாதையால் இணைந்தவை, சேர்ந்தே ஏறி இறங்கும். அதனால் ஒன்றைச் சொன்னால் மற்றதையும் கணித்துவிடும் விவசாயிகள் இருக்கிறார்கள்.

இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள். கோடைமேலழகியானில் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். இவை நீர் தரும் நிலம் 86,000 ஏக்கருக்கு மேல். கார் பருவம் ஜூனில் தொடங்கும், தென்மேற்குப் பருவமழையை நம்பியது. பிசானம் அக்டோபரில் தொடங்கும், வடகிழக்கை நம்பியது. காருக்கு ஜூன் 1-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்பது மே மாதத்து எண்ணில் இருக்கிறது. விதை நெல் வாங்குவதா, நாற்றங்கால் போடுவதா, டிராக்டருக்குச் சொல்லிவைப்பதா, வயலைச் சும்மா போடுவதா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

அந்த எண் ஒன்று மட்டும் போதாது. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பதும் வேண்டும். இதைக் 'கன அடி' என்று வாசிப்பார்கள். விநாடிக்கு ஒரு கன அடி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர், ஒரு நாளுக்குச் சுமார் 24.5 லட்சம் லிட்டர். கோடையில் பாவநாசத்திலிருந்து திறக்கும் நீரில் பெரும்பகுதி குடிநீருக்கே போகும். நெல்லை, தூத்துக்குடி தாண்டி விருதுநகர் வரை கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இந்த ஆற்றை நம்பி இருக்கின்றன. ஆகவே மேலப்பாளையத்தில் குழாயைத் திறப்பவருக்கும் ஆழ்வார்திருநகரியில் வயலைப் பார்த்து நிற்பவருக்கும் வேண்டியது ஒரே எண்தான்.

மாநிலச் செய்தியில் நாம் அதிகம் கேட்கும் அணை எது? மேட்டூர். 120 அடி, ஜூன் 12 திறப்பு என்பது தமிழ்நாட்டில் வானொலி கேட்கும் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். காவிரிப் படுகையின் அளவுக்கு அது நியாயம்தான். திருச்சி வானொலிக்கும் காவிரி உழவருக்கும் இருந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்றால், அறுபதுகளில் வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். உள்ளூரைத் தெரிந்த வானொலி என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பொருநைக் கரைக்கும் அந்த உறவு வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

*2. கடல்*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. உவரி, கூடுதாழை, கூத்தன்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளிப் பக்கம் சிறு படகுக்காரர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

2024 மே முதல் வாரத்தில் 'கள்ளக்கடல்' என்ற சொல் செய்திகளில் வந்தது. உள்நாட்டுக்காரர்கள் பலருக்கு அது புதிது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பலத்த காற்று கிளப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரையைத் தொடும். இங்கே காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும். புயல் என்றால் கரைக்காரருக்கு முகக்குறி தெரியும். இதில் எந்தக் குறியும் இல்லாமல் கடல் திடீரென்று ஏறும். கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அந்த வாரமும் சொன்னது. எச்சரிக்கை வெளியாகியிருந்தும் மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது.

எச்சரிக்கை இருந்தது. அது யார் காதில், எந்தச் சொல்லில், எந்த நேரத்தில் விழுந்தது என்பதில்தான் வானொலியின் வேலை தொடங்குகிறது. "தென் தமிழகக் கடலோரப் பகுதிகளில் கடல் கொந்தளிப்பாகக் காணப்படும்" என்ற வாக்கியம் எல்லாக் காலத்துக்கும் பொதுவாக எழுதப்பட்டது. அது எச்சரிக்கையைக் காதில் பழக்கமாக்கிவிடும். "இன்று பிற்பகல் முதல் உவரியிலிருந்து கூட்டப்புளி வரை கரையில் யாரும் நிற்க வேண்டாம், படகுகளை இழுத்து மேட்டில் ஏற்றுங்கள்" என்று ஊர்ப்பெயரோடு சொன்னால் ஆள் எழுந்து போவான். அப்படி எழுத, இந்த ஊர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று தெரிந்தவர் மேசையில் உட்கார வேண்டும்.

*3. வெயிலும் மழையும்*

மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில், அதாவது அக்னி நட்சத்திரம், பஞ்சாங்கக் கணக்கு. 'வெப்ப அலை' என்பது வானிலைத் துறைக் கணக்கு. சமவெளியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை. கடலோரத்துக்கு 37 டிகிரி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் குழப்பம் வருகிறது.

இந்தப் பக்கத்து அளவீடு பாளையங்கோட்டை வானிலை நிலையத்திலிருந்து வருகிறது. ஆனால் திருநெல்வேலி மாவட்டம் உவரிக் கடலில் தொடங்கிப் பொதிகை உச்சிக்கு, சுமார் 1,868 மீட்டர் உயரத்துக்கு, ஏறிப் போகிறது. மலையில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை ஆகியவை மாநிலத்தின் அதிக மழைப் பட்டியலில் அடிக்கடி முன்னால் நிற்கும். அதே மாவட்டத்து ராதாபுரம் மழைக்கு ஏங்கும். "திருநெல்வேலி மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு" என்ற ஒரு வரி ஊத்துக்காரருக்கு ஒன்று, ராதாபுரத்துக்காரருக்கு வேறொன்று, மலையில் பெய்யும் மழை கீழே வந்து சேரும் இடத்தில் குளிப்பவருக்கு மூன்றாவது ஒன்று.

பக்கத்துத் தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றாலத்தில் மே 17-ல் உயிரை எடுத்ததும் இந்த மூன்றாவது பொருள்தான். அருவியில் வெள்ளம் வர அருவியில் மழை பெய்யத் தேவையில்லை, மேலே பெய்தால் போதும். வெளியூர்க்காரருக்கு இது தெரிந்திருக்காது. உள்ளூர்ச் செய்தி சொல்ல வேண்டிய விளக்கம் இது.

*4. தேர்தல்*

மக்களவைத் தேர்தல் அட்டவணை மார்ச் 16-ல் வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. இடையில் ஒன்றரை மாதம் நாடு முழுக்க அடுத்தடுத்த கட்டங்கள். கோடைச் செய்திக்கு ஏற்கெனவே குறுகிய இடத்தில் பெரும்பகுதியை இது எடுத்துக்கொண்டது. நடத்தை விதி அமலில் இருந்ததால் அரசு அறிவிப்புகளும் குறைந்தன. அறிவிப்பை நம்பியே ஓடும் செய்திப் பிரிவுக்கு அது இன்னொரு நெருக்கடி.

*5. மாஞ்சோலை*

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் ஒரு தனியார் நிறுவனம் 99 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்ற தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே 2024 ஜூனில் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வின் பெயரில் வேலையை விட்டு வெளியேறும் நிலை வந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்த குடும்பங்கள் எங்கே போவது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. முப்பத்தைந்து விநாடியில் இதைச் சொன்னால் நிறுவனத்தின் தேதி, அரசின் பதில், நீதிமன்றத்தின் உத்தரவு மூன்றும் அடங்கும். தொழிலாளியின் குரல் அடங்காது. நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவு மனம் வைத்தால் அரை மணி நேர ஒலிச்சித்திரம் செய்ய முடியும். அதற்கான கருவியும் மனிதர்களும் பாளையங்கோட்டையிலேயே உண்டு.

அலையைப் பற்றிக் கொஞ்சம்

செய்தி தயாரானாலும் எட்ட வேண்டுமே. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் பரவும். மேடு பள்ளம் தாண்டும், நெடுந்தூரம் போகும். ஆனால் மின்னல் அதற்கு எதிரி. கோடையில் பிற்பகல் இடிமழை மலைப் பக்கம் திரளும்போது பெட்டியில் கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான். எச்சரிக்கை அதிகம் வேண்டிய நேரத்தில் இரைச்சலும் அதிகம். பண்பலையில் இந்த இரைச்சல் இல்லை. ஆனால் அது நேர்கோட்டில் போகும் அலை, மலை குறுக்கே நின்றால் நிழல் விழும். உயரத்தில் கோபுரம் இருந்தால் தூரம் கூடும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வரும் கொடைக்கானல் பண்பலை தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்பதன் ரகசியம் அதுவே.

நம் பக்கத்திலேயே வேறு இரு முன்மாதிரிகள் இருக்கின்றன. நாகர்கோவிலில் 1984-ல் தொடங்கியதுதான் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். சிறிய வட்டாரத்துக்கென்றே ஒரு வானொலி வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் ஒலிபரப்பி நிறுவப்பட்டது, இலங்கை நேயர்களை மனத்தில் வைத்து. நெல்லை ஒலிபரப்பியைப் போல் பத்து மடங்கு சக்தி. கடல் கடந்த காதுக்கு அவ்வளவு அக்கறை காட்டிய அமைப்பு, உவரிக்காரரின் காதுக்கும் காட்ட முடியும்.

செயலியில் கேட்கலாமே என்பார்கள். நியூஸ் ஆன் ஏர் செயலி நல்லதுதான், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அதில்தான் ஊர்க் குரலைக் கேட்கிறார்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ஐ மறக்கக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கினார்கள். மின்சாரம் போனது, பல இடங்களில் கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. அந்த நிலையில் ஒரு வீட்டில் வேலை செய்யக்கூடியது பேட்டரி போட்ட சின்னப் பெட்டி மட்டும். நாடு முழுக்கப் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவரும் இந்த ஆண்டுகளில், எந்தப் பகுதிக்கு எது மாற்று என்று கணக்குப் பார்க்காமல் எதையும் அணைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தனியார் பண்பலை ஏன் இதைச் செய்வதில்லை?

செய்ய அனுமதி இல்லை. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வெளியிடக் கூடாது. 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை, ஆகாசவாணியின் செய்தியை மாற்றம் இல்லாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்ன பிறகும், செய்தி அரசு சார்ந்த அமைப்பின் தனி உரிமையாகவே நிற்கிறது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், மணிக்குப் பத்து நிமிடம் தனியாருக்குச் செய்தி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, அரசாணை வேறு.

இங்கே ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மாவட்ட நிர்வாகம் தரும் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதாரம் பற்றிய அறிவிப்புகள் ஆகியவை 'செய்தி' என்ற வரையறைக்குள் வராது. தனியாரே இவற்றைச் சொல்லலாம் என்றால், பொது நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவும் சொல்லலாம். நாம் மேலே பார்த்த கோடைச் செய்திகளில் அணை, கடல், வெயில், மழை எல்லாம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது, பாளையங்கோட்டையில் செய்திப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஐந்து நிமிடம் கிடைத்தால்

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். தயாரிக்க ஒருவர், வாசிக்க ஒருவர். மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை, நீர்வளத் துறையின் அணைக் குறிப்பு, பாளையங்கோட்டை வானிலை அளவீடு, கடல்சார் மையத்தின் எச்சரிக்கை என்று ஆறு இடத்துக்கு ஆறு தொலைபேசி அழைப்பு. வேறு செலவு இல்லை.

2024 மே 17 அன்று, மாலைக்குக் காத்திராமல் நண்பகலிலேயே அப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் அதில் இந்த வரிசை இருந்திருக்கும்: பாவநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்களில் குடிநீருக்கு விடப்படும் அளவு. உவரி முதல் கூட்டப்புளி வரை கடலின் நிலை. மலைப்பகுதியில் காலையிலிருந்து பெய்யும் மழை. கடைசியாக, பாட்டுக்கு நடுவே அரை மணிக்கு ஒரு முறை திரும்பச் சொல்லும்படி, ஒரு வரி: மேலே மழை பெய்கிறது, பழைய குற்றாலத்துக்கும் மற்ற அருவிகளுக்கும் இன்று குளிக்கப் போக வேண்டாம், போனவர்கள் உடனே மேடேறுங்கள்.